எத்தனை பேர், எந்தத் துறை, எத்தனை நாள்

திருச்சிராப்பள்ளி 1994-ல் மாநகராட்சியானது. 1996 முதல் 2016 வரை அதன் மேயர் நாற்காலியில் அமர்ந்த நால்வரும் பெண்கள். புனிதவள்ளி பழனியாண்டி, சாருபாலா தொண்டைமான், சுஜாதா, ஜெயா என்று அந்த வரிசை போகிறது. 2022-ல் மு. அன்பழகன் பொறுப்பேற்றபோதுதான் ஊருக்கு முதன்முறையாக ஓர் ஆண் மேயர் கிடைத்தார். காவிரிக் குடிநீர், அரியமங்கலம் குப்பைக் கிடங்கு, காந்தி மார்க்கெட் நெரிசல், வீட்டு வரி என்று மாமன்றத்தில் வந்து விழும் எல்லாப் பிரச்சினைகளையும் அந்த நால்வரும் கையாண்டார்கள். நன்றாகக் கையாண்டார்களா, சுமாராகவா என்பது தனிப் பேச்சு. ஆண் மேயர்களிலும் இரண்டு வகையும் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியதும், ஒரு பெருநகரத்தின் நிர்வாகத்தை இருபது ஆண்டுகள் இடைவிடாமல் நடத்தப் பெண்கள் கிடைத்தார்கள். ஆனால் அந்த நால்வரில் ஒருவர்கூடச் சென்னைக் கோட்டையில் அமைச்சர் அறைக்குப் போய்ச் சேரவில்லை. மேயர் பதவியிலிருந்து அமைச்சரவைக்கு ஒரு படிதான். அந்தப் படி பெண்களுக்கு ஏன் இவ்வளவு உயரமாக இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அதன் உயரத்தை எந்தக் கோலால் அளப்பது என்று தீர்மானித்தாக வேண்டும். நாம் இதுவரை அளந்துவந்த கோல் சரியில்லை என்பது என் வாதம்.

வழக்கமான அளவை எல்லோருக்கும் தெரியும். பதவியேற்பு முடிந்த மறுநாள் நாளிதழில் குழுப்படம் வரும், கீழே "பெண்கள் இத்தனை பேர்" என்று ஒரு வரி வரும். அந்த வரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 1957-ல் காமராஜர் அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டுப் பேர். அதில் லூர்தம்மாள் சைமன் ஒருவர்தான் பெண். 1967-ல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் ஒன்பது பேர், சத்தியவாணி முத்து ஒருவர் பெண். 2016-ல் ஜெயலலிதா மீண்டும் பொறுப்பேற்ற சில நாட்களில் அமைச்சரவை 33 பேராக நிறைவடைந்தபோது முதல்வரோடு சேர்த்துப் பெண்கள் ஐவர். 2021 மே 7 அன்று பதவியேற்ற 34 பேரில் பெண்கள் இருவர். தலையை எண்ணினால் 2021-ல் 1957-ஐப் போல் இரண்டு மடங்கு. சதவீதம் போட்டால் 1957-ல் பன்னிரண்டரை, 2021-ல் ஆறுக்கும் குறைவு. ஒரே விவரம் ஒரு கணக்கில் வளர்ச்சி, மறு கணக்கில் பாதிக்குப் பாதி சரிவு. காமராஜர் காலத்து அமைச்சரவை சிறியது, அதில் ஒருவர் நின்றாலே பங்கு பெரிதாகத் தெரியும். 1954-ல் அவர் முதன்முதலில் அமைத்த எட்டுப் பேர் அமைச்சரவையில் பெண்ணே கிடையாது. பன்னிரண்டரைக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு ஆள். 2003-ல் வந்த 91-வது திருத்தம் அமைச்சர்களின் எண்ணிக்கையைச் சட்டமன்ற உறுப்பினர்களில் நூற்றுக்குப் பதினைந்து என்று கட்டிவைத்தது. தமிழ்நாட்டில் முதல்வரோடு சேர்த்து 35-க்கு மேல் போக முடியாது. ஆகவே பழைய அமைச்சரவையையும் புதியதையும் சதவீதத்தால் மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றும். உலக அளவில் கணக்கெடுப்பவர்களும் இந்தச் சிக்கலை உணர்ந்திருக்கிறார்கள். நாடாளுமன்றங்களின் பன்னாட்டு ஒன்றியமும் ஐ.நா. மகளிர் அமைப்பும் சேர்ந்து வெளியிடும் வரைபடத்தில், 2023 ஜனவரி 1 நிலவரப்படி, துறைக்குத் தலைமை தாங்கும் அமைச்சர்களில் பெண்கள் 22.8 சதவீதம். துறை இல்லாத அலங்காரப் பதவிகளை விட்டுவிட்டு, தலைமை தாங்குபவர்களை எண்ணினார்கள். பெண்கள் மிகுதியாக எந்தத் துறைகளில் இருக்கிறார்கள் என்றும் பிரித்துப் பார்த்தார்கள். மகளிர், குழந்தைகள், குடும்பம், சமூகப் பாதுகாப்பு என்ற வட்டத்துக்குள்தான் பெரும்பான்மை இருந்தது. எண்ணோடு இலாகாவையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும் என்பதை உலகக் கணக்கும் ஒப்புக்கொள்கிறது.

இலாகாவைச் சேர்த்துப் படிக்கத் திருச்சியைவிட நல்ல இடம் அமையாது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் உப்புச் சத்தியாகிரகப் பயணம் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி வீட்டிலிருந்துதான் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர் ருக்மிணி லட்சுமிபதி. உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போன முதல் பெண் என்ற பெயர் அவருக்கு உண்டு. 1937-ல் காங்கிரஸ் சென்னை மாகாணத்தில் ஆட்சி அமைத்தபோது ஸ்ரீரங்கத்துக்காரரான ராஜன் சுகாதாரத்துக்கும் அறநிலையத்துக்கும் அமைச்சரானார். ருக்மிணி சட்டமன்றத்தின் துணைச் சபாநாயகரானார். 1946 மே மாதம் பிரகாசம் அமைச்சரவையில் அதே சுகாதாரத் துறை ருக்மிணியிடம் வந்தது. சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர் அவர்தான். மருத்துவரான ஓர் ஆண் இருந்த இடத்துக்கு, மருத்துவரல்லாத ஒரு பெண் அரசியல் தகுதியை மட்டும் வைத்து வந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் காலம் பதினோரு மாதத்துக்கும் குறைவு. 1947 மார்ச்சில் பிரகாசம் ஆட்சி கவிழ்ந்து ஓமந்தூரார் வந்தார். அடுத்து ஒரு பெண் அமைச்சராக 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராஜாஜி அமைச்சரவையில் ஜோதி வெங்கடாசலம் மதுவிலக்குக்கும் மகளிர் நலனுக்கும் அமைச்சரானார். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகியதும் அவருடைய அமைச்சர் பதவியும் போயிற்று. 1962-ல் திரும்பி வந்து சுகாதாரத்தை ஏற்று, பக்தவத்சலம் ஆட்சி முடியும்வரை நீடித்தார். பிற்பாடு கேரள ஆளுநரும் ஆனார். நடுவில் 1971 தேர்தலில் அவர் ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயித்து, எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார் என்பது இந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்கு நினைவில்லாத செய்தி. 1957-லிருந்து 1962 வரை முழு ஐந்தாண்டு இருந்த லூர்தம்மாள் சைமனிடம் உள்ளாட்சியும் மீன்வளமும் இருந்தன. உள்ளாட்சி என்றால் நகராட்சி, பஞ்சாயத்து, அவற்றின் பணம், அவற்றின் தேர்தல். மாநில அரசியலின் அடிவேரே அதுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். சுகாதாரமும் உள்ளாட்சியும் பெண்ணுக்கு ஏற்றவை என்று காங்கிரஸ் தலைமை முன்கூட்டியே கருதியிருக்கலாமே? 1937-ல் ஐக்கிய மாகாணத்தில் விஜயலட்சுமி பண்டிட்டுக்குக் கொடுத்தவை உள்ளாட்சியும் பொதுச் சுகாதாரமும்தான். 1947-ல் ராஜ்குமாரி அம்ரித் கௌருக்கு மத்திய அரசில் கொடுத்தது சுகாதாரம். ஆக, நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் தெருவைத் துப்புரவாக வைப்பதும் வீட்டு வேலையின் நீட்சி என்ற எண்ணம் அந்த ஒதுக்கீட்டுக்குள் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இருந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தத் துறைகளுக்கும் பின்னால் வந்தவற்றுக்கும் ஒரு வேற்றுமை இருந்தது. சுகாதாரத்தின் வாசலில் ஆண்களும் பெண்களும் மாறி மாறிப் போய்வந்தார்கள். ராஜனுக்குப் பின் ருக்மிணி வந்தார், ருக்மிணிக்குப் பின் ஆண்கள், அப்புறம் ஜோதி, மறுபடி ஆண்கள். ஒரு பெண் அந்த நாற்காலியில் அமர்ந்ததால் அது பெண்கள் நாற்காலி என்று முத்திரை விழவில்லை. உள்ளாட்சியும் அப்படித்தான். 2021 அமைச்சரவையில் நகராட்சி நிர்வாகம் திருச்சி மேற்குத் தொகுதியின் கே.என். நேருவிடம் போனது, அதை யாரும் பெண்கள் துறையை ஓர் ஆணுக்குக் கொடுத்ததாகப் பார்க்கவில்லை. எந்தத் துறைக்கு இரு பாலாரும் மாறி மாறி வருகிறார்கள் என்பதை ஓர் அளவையாக வைத்துக்கொண்டால், அடுத்த அரை நூற்றாண்டின் மாற்றம் தெளிவாகக் கண்ணில் படும்.

1989-லிருந்து சமூக நலத் துறையைப் பாருங்கள். கருணாநிதி ஆட்சியில் சுப்புலட்சுமி ஜெகதீசன், 1991-ல் ஜெயலலிதா ஆட்சியில் இந்திரகுமாரி, 1996-ல் சற்குண பாண்டியன், 2001-ல் தொடங்கிய ஆட்சியில் பா. வளர்மதி, 2006-ல் பூங்கோதை ஆலடி அருணா, அவருக்குப் பின் கீதா ஜீவன், 2011-ல் செல்வி ராமஜெயம், பின்னர் மறுபடியும் பா. வளர்மதி, 2016-ல் வி. சரோஜா, 2021-ல் மறுபடியும் கீதா ஜீவன். இரண்டு கழகங்களும் எதிரெதிராக நின்று ஆட்சியைப் பிடித்தன. திட்டங்களின் பெயரை மாற்றின, கட்டடங்களின் பெயரை மாற்றின. இந்த ஒரு துறையைப் பெண்ணுக்குக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் அப்படியே கைமாற்றிக்கொண்டன. ஆதிதிராவிடர் நலத் துறையிலும் இதே கதை. 1967-ல் அரிசன நலம் சத்தியவாணி முத்துவிடம் இருந்தது. 2006-ல் தமிழரசி, 2016-ல் வி.எம். ராஜலட்சுமி, 2021-ல் கயல்விழி செல்வராஜ் அந்தத் துறையை ஏற்றார்கள். விலக்குகள் இல்லாமலில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுப்புலட்சுமி ஜெகதீசன் கைத்தறித் துறையை நடத்தினார். 1996-ல் ஜெனிபர் சந்திரன் மீன்வளத்துக்கு வந்தார். பூங்கோதையிடம் தகவல் தொழில்நுட்பம் போனது. 2016-ல் நிலோபர் கபீல் தொழிலாளர் நலத்தை ஏற்றார். இவை வழக்கத்தை உடைத்தவை, ஆனால் எதுவும் நின்று நிலைத்து ஒரு புதிய வழக்கமாகவில்லை. நிதியும் பொதுப்பணியும் 2021 வரை அமைந்த எந்த அமைச்சரவையிலும் முதல்வரல்லாத ஒரு பெண்ணிடம் வந்ததே கிடையாது. சுகாதாரம்கூட ஜோதிக்குப் பிறகு எச்.வி. ஹண்டே, ஆற்காடு வீராசாமி, சி. விஜயபாஸ்கர், மா. சுப்பிரமணியன் என்று நெடுங்காலம் ஆண்களிடமே தங்கியது. தலைகள் கூடிய காலத்தில் துறைகள் சுருங்கின. எண்ணிக்கையை மட்டும் வைத்து அளப்பவர்களுக்கு இந்தச் சுருக்கம் தெரியாமலே போகும்.

அமைச்சர்களின் பட்டியல் வெளியாகும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். ஆளுநர் மாளிகையிலிருந்து வரும் பட்டியலில் வரிசை எண், பெயர், பதவியின் பெயர், அதற்கு எதிரே அந்த அமைச்சர் பார்க்கும் பொருள்கள் என்று பத்தி பத்தியாக இருக்கும். நீர்வளம் பார்ப்பவருக்கு எதிரே சிறுபாசனம், கனிமங்கள், சுரங்கங்கள் என்று வரும். சமூக நல அமைச்சருக்கு எதிரே மகளிர், குழந்தைகள் நலம், ஆதரவற்றோர் இல்லங்கள், இரவலர் காப்பகம், குழந்தை வளர்ச்சித் திட்டம், சத்துணவு என்று வரும். ஒன்றில் ஒப்பந்தமும் உரிமமும் உண்டு, அதனால் கட்சிக்குள் ஆள் சேரும், மாவட்டங்களில் செல்வாக்கு வளரும். மற்றதில் பராமரிப்பு உண்டு, பரிவு உண்டு, ஆனால் ஒரு மாவட்டச் செயலாளரை வாசலில் காத்திருக்க வைக்கும் பலம் இல்லை. பட்டியலின் வரிசை எண்ணுக்கும் பொருள் இருக்கிறது. முதல்வருக்கு அடுத்து யார், அவருக்கு அடுத்து யார் என்று கட்சிக்காரர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள். ஆய்வாளர்களும் அப்படியே படிக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதை நான் மிகப் பெரிய அநீதியாகவே கருதுகிறேன். ஒரே நாற்காலியை வைத்து இரண்டு மூன்று கணக்குகளை முடிப்பது இங்கே நெடுநாள் பழக்கம். லூர்தம்மாள் சைமன் பெண், மீனவ சமூகத்தைச் சேர்ந்தவர், கிறித்தவர். போதாததற்கு, 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தவர். அவர் ஒருவரை அமைச்சராக்கியதில் நான்கு பிரதிநிதித்துவம் தீர்ந்தது. தலித் பெண்களுக்கு ஆதிதிராவிடர் நலத் துறையைக் கொடுக்கும்போதும் இதுதான் நடக்கிறது. பெண்களுக்கு இடம் கொடுத்ததாகவும் ஆகிறது, தலித்துகளுக்கு இடம் கொடுத்ததாகவும் ஆகிறது. மீதி நாற்காலிகள் வழக்கமானவர்களுக்குப் பத்திரமாக இருக்கின்றன. பெண்கள் எத்தனை என்று ஒருவர் எண்ணி, தலித்துகள் எத்தனை என்று இன்னொருவர் எண்ணி, இரண்டையும் தனித்தனியே அச்சிடும்போது இந்த இரட்டைப் பதிவு மறைந்துவிடுகிறது. சத்தியவாணி முத்து தமக்குக் கொடுத்த எல்லைக்குள் அடங்கி இருக்கவில்லை. 1974-ல் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். 1979-ல் மத்தியில் சரண் சிங் அமைச்சரவையில் அவர் இடம்பெற்றார். மாநிலத்தில் அவருக்குத் திறக்காத கதவு டெல்லியில் கொஞ்ச நாளுக்காவது திறந்தது.

சமூக நலத்தைச் சின்னத் துறை என்று சொல்வது தவறு என்பது இரண்டாவது மறுப்பு. இதைச் சொல்பவர்கள் திருவெறும்பூரையே சாட்சிக்கு அழைக்கலாம். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருவெறும்பூர் வட்டாரத்திலுள்ள பாப்பாக்குறிச்சியில்தான். பெல் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் உள்ள இந்தப் பகுதிக்குப் பெரிய இயந்திரங்களால் கிடைத்த பெயர் ஒருபுறம் இருக்க, நாட்டுக்கே முன்மாதிரியான ஒரு திட்டம் இங்கே ஒரு பள்ளியின் சாப்பாட்டுத் தட்டில் தொடங்கியது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று அதில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பல லட்சம் குழந்தைகள் தினமும் உண்பதை நிர்வகிக்கும் துறையை யாராவது சிறியது என்று சொன்னால் நானும் சண்டைக்கு வருவேன். ஆனால் வாதம் அதைப் பற்றியதில்லை. துறை அவ்வளவு பெரிதென்றால், அதற்கு ஆண்கள் ஏன் போட்டி போடவில்லை? அதன் பெரிய முடிவுகளைத் துறை அமைச்சரா எடுத்தார்? சத்துணவு முதல்வரின் சொந்தத் திட்டமாக அறிவிக்கப்பட்டது, முதல்வரின் பெயரோடே நின்றது. பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம். தமிழ்நாட்டில் பெண்களுக்கான திட்டங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பெயரிலேயே 'மகளிர் உரிமை' என்று சேர்த்துக்கொண்ட சமூக நலத் துறையின் கையில் அது இல்லை, சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறையின் வழியாக நடந்தது. நிர்வாக வசதிக்காக அப்படிச் செய்ததாகச் சொல்லலாம். பணமும் புகழும் சேருமிடத்தில் துறையின் எல்லையை எப்படி வரைகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு ஸ்ரீரங்கத்திலிருந்து வரும். ஜெயலலிதா முதல்வராக இருந்தார், காவல் துறையும் உள்துறையும் அவர் கையில் இருந்தன, அமைச்சர்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள், பிறகு என்ன குறை என்று கேட்பார்கள். 2011-ல் அவர் ஜெயித்தது ஸ்ரீரங்கம் தொகுதியில். 2014 செப்டம்பர் 27 அன்று சொத்துக் குவிப்பு வழக்கின் தீர்ப்போடு பதவி இழக்கும்வரை அந்தத் தொகுதியின் உறுப்பினர் முதல்வராக இருந்தார். 2015 இடைத்தேர்தலில் எஸ். வளர்மதி வந்தார். 2016-லும் அவரே ஜெயித்துப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத் துறை அமைச்சராகி ஐந்தாண்டு நீடித்தார். (சமூக நலம் பார்த்த பா. வளர்மதி வேறொருவர், கணக்கெடுப்பவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிடக் கூடாது.) நாள் கணக்கில் பார்த்தால் 2011 மே முதல் 2021 மே வரையிலான பத்தாண்டில் எட்டு ஆண்டுக்கு மேல் ஸ்ரீரங்கத்தின் பெண் உறுப்பினர் ஒருவர் அமைச்சரவையில் இருந்திருக்கிறார். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட தொகுதி அரிது. ஆகவே மறுப்பு பலமானதுதான். ஆனால் அந்தப் பத்தாண்டில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. ஜெயலலிதா அமைச்சராக இருந்து முதல்வரானவர் அல்லர். எதிர்க்கட்சித் தலைவராக இருந்து, கட்சியைக் கைப்பற்றி, நேராக உச்சிக்குப் போனவர். அவருக்குக் கிடைத்த அதிகாரம் அமைச்சரவை என்ற ஏணியின் வழியாக வந்ததில்லை. அதனால் அந்த ஏணியில் வேறு பெண்கள் ஏறுவதற்கு அது பழகிய படிகளை விட்டுவைக்கவும் இல்லை. அவருக்கு அடுத்தபடியாக நிதியும் பொதுப்பணியும் பார்த்து, அவர் இல்லாதபோது முதல்வராக வளர்ந்தவர்கள் ஓ. பன்னீர்செல்வமும் எடப்பாடி பழனிசாமியும். பெண் முதல்வரையும் பெண் அமைச்சர்களையும் ஒரே தொகையில் கூட்டினால் 2016-ல் ஐந்து என்று வரும். ஜெயலலிதா மறைந்த 2016 டிசம்பர் 5-க்குப் பிறகு அது நான்கு. அந்த ஒன்று குறைந்ததில் அதிகாரத்தின் பெரும்பகுதி போய்விட்டது என்பதை எந்தக் கூட்டல் கணக்கும் காட்டாது.

சட்டமன்றத்தில் பெண்களே குறைவு, அமைச்சரவையில் எப்படி அதிகமாக இருப்பார்கள் என்பது நான்காவது மறுப்பு. இதை மறுக்க முடியாது, பகுதியளவு ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 2021-ல் 234 பேரில் பெண்கள் 12. ஆளுங்கட்சியான தி.மு.க.வின் 133 உறுப்பினர்களில் பெண்கள் ஆறு பேர்தான். ஆறு பேரில் இருவர் அமைச்சராவது, கட்சிக்குள் இருந்த விகிதத்தைவிடச் சற்றுக் கூடுதலே. ஆக, அந்த ஆண்டின் குற்றம் பதவியேற்பு மேடையில் நடக்கவில்லை, வேட்பாளர் பட்டியல் தயாரான அறையில் நடந்தது. அதே சமயம் இந்த மறுப்பு 'எத்தனை பேர்' என்ற கேள்விக்குத்தான் பதில். 'எந்தத் துறை' என்ற கேள்விக்கு அது பதிலாகாது. இருவரையே எடுத்தாலும், அந்த இருவரில் ஒருவருக்குத் தொழிலையோ வருவாயையோ கொடுக்க எந்தத் தேர்தல் முடிவும் தடையாக இல்லை. பெண் அமைச்சர்களில் பலர் அரசியல் குடும்பத்தவர், தகப்பன் பெயரால் வந்தவர்கள் என்றும் இதையொட்டிச் சொல்வார்கள். அது குறையென்றால் இரு பாலாருக்கும் குறைதான். 2016 முதல் திருவெறும்பூரைப் பிரதிநிதித்துவப்படுத்தி, 2021-ல் பள்ளிக் கல்வி அமைச்சரான அன்பில் மகேஸ் பொய்யாமொழி, தி.மு.க. முன்னோடியும் முன்னாள் அமைச்சருமான அன்பில் தர்மலிங்கத்தின் பேரன். அவருக்குப் பள்ளிக் கல்வியைக் கொடுக்கும்போது குடும்பப் பின்னணி தடையாக வரவில்லை. பெண்ணின் விஷயத்தில் மட்டும் அதைத் தகுதிக் குறைவுக்குச் சான்றாக எடுப்பது நேர்மையாகாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு கடைசியில் வருகிறது. அமைச்சரவையில் பெண் இருந்தால் பெண்களுக்கு நன்மை, இல்லாவிட்டால் இல்லை என்று வரலாறு காட்டுகிறதா? காட்டவில்லை. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத் திடலில் வேலைநிறுத்தத்தில் இருந்த ரயில்வே தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் இறந்தார்கள். அப்போது மாகாணத்தை ஆண்டது பிரகாசம் அமைச்சரவை, அதில் முதல் பெண் அமைச்சர் ருக்மிணி லட்சுமிபதி இருந்தார். அதே பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்களுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைத்த ஒரு விதவைத் தாயின் மகளாக, பதினைந்து வயதில் அந்த வேலைநிறுத்தத்தின் பக்கம் நின்றவர் தனலட்சுமி. பின்னாளில் பாப்பா உமாநாத் என்று நாடறிந்தவர். ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டி வளர்த்த அவர் 1989-ல் மார்க்சிஸ்ட் வேட்பாளராகத் திருவெறும்பூரில் வென்றார். அவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த அந்த ஆட்சிக் காலத்தில்தான் இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத் திருத்தமும், அரசு வேலையில் 30 சதவீத ஒதுக்கீடும் வந்தன. அமைச்சரவையில் பெண்களைத் தேடிப் பார்க்க வேண்டிய நிலைதான் அப்போதும். சொத்துரிமைக் கோரிக்கை 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானத்திலிருந்து அறுபதாண்டு நடந்து சட்டமானது. ஆக, இயக்கம் போதும், அமைச்சர் பதவி எதற்கு என்று கேட்பவர்களுக்குத் திருவெறும்பூர் நல்ல ஆதாரம்போலவே தோன்றும்.

தோன்றுகிறதே தவிர, அது அவர்கள் நினைக்கும் முடிவுக்குக் கொண்டுபோகாது. ஓர் ஆண் அமைச்சரை நியமிக்கும்போது, அவரால் ஆண்களுக்கு என்ன நன்மை என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவர் இந்த நாட்டின் குடிமகன், ஆளும் உரிமையில் அவருக்குப் பங்கு உண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். பெண்ணிடம் மட்டும் பலனைக் காட்டு என்று கேட்பது, அவருடைய பங்கை உரிமையாக ஏற்காமல் கூலியாக ஆக்குவது. பாப்பா உமாநாத்தைப் போன்ற ஒருவர் தொழிற்சங்கம் நடத்தி, சிறை சென்று, மாநிலம் முழுவதும் பெண்களைத் திரட்டி, சட்டமன்றத்துக்கும் வந்த பிறகு, கோட்டையின் கணக்குகளில் பின்வரிசை உறுப்பினராக மட்டும் பதிவாகிறார். அவர் கட்சி ஆட்சியில் சேராததால் அப்படி ஆனது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அமைச்சர்களை மட்டும் எண்ணும் அளவை இப்படிப்பட்டவரைப் பார்ப்பதே இல்லை. மேயராக இருந்த நால்வரையும் பார்ப்பதில்லை. ஆகவே அமைச்சரவைக் கணக்கை அரசியல் பங்கின் முழுக் கணக்காக எடுக்கக் கூடாது, அதன் ஒரு கிளையாக எடுத்து, அந்தக் கிளைக்குள் கறாராக அளக்க வேண்டும்.

கறாராக அளக்கத் தேவையான ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றன. 1937-லிருந்து ஒவ்வொரு அமைச்சரின் நியமனமும், இலாகா மாற்றமும், விலகலும் அரசிதழில் தேதியோடு பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் எத்தனை மாதம், எந்த வரிசை எண், எந்தத் துறை, அவருக்கு முன்னும் பின்னும் அந்த நாற்காலியில் ஆணா பெண்ணா என்று நான்கு விவரங்களை எடுத்தால் போதும். ருக்மிணியின் பதினோரு மாதமும் லூர்தம்மாளின் அறுபது மாதமும் அப்போது ஒன்றாகத் தெரியாது. இலாகாவை அடிக்கடி மாற்றும் முதல்வர்களின் ஆட்சியில், பதவியேற்பு நாளின் படத்துக்கும் ஐந்தாண்டின் உண்மைக்கும் உள்ள தூரமும் வெளியே வரும். இந்த வேலைக்கு அவசரமும் உண்டு. 2023-ல் நிறைவேறிய 106-வது திருத்தம் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்குகிறது, தொகுதி மறுவரையறைக்குப் பிறகு அது நடைமுறைக்கு வரும். இப்போதுள்ள 234 இடங்களை வைத்தே பார்த்தாலும் 78 பெண்கள் உள்ளே வருவார்கள். அமைச்சரவையைப் பற்றி அந்தத் திருத்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. உறுப்பினர்களே இல்லை என்ற பழைய பதில் அன்று செல்லாது. சமூக நலத்துக்கும் ஆதிதிராவிடர் நலத்துக்கும் அப்பால் அந்த 78 பேரில் யாருக்கு எந்தத் துறை போகிறது, எத்தனை மாதம் அவரிடம் நிற்கிறது, அவருக்கு அடுத்து யார் வருகிறார் என்று முதல் பதவியேற்பு நாளிலிருந்தே குறித்துவர, இந்தப் பட்டியல் அதற்குள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.